மோட்டாருக்குள் ஊற்றாத தண்ணீர்

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. குன்னத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை, அதாவது எரிந்துபோன கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தரும் கடை, இருக்கிறது. கடை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு பெஞ்சு, அதைச் சுற்றி எரிந்துபோன போர்வெல் மோட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளையும். சின்ன வெங்காயம் போட்டவர்கள் மட்டும் போரை நம்பி இருப்பார்கள். போரில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் எரியும். மோட்டார் எரிந்தால் எனக்குச் சோறு. "ஊரே வயித்தெரிச்சல்ல இருக்கு, இவன் மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான்" என்று அம்மா திட்டுவாள்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நிறுத்தியது நானா, பள்ளிக்கூடமா என்பதில் இன்னும் இரண்டு தரப்பும் ஒத்துப்போகவில்லை. அதன்பிறகு பெரம்பலூரில் ஒரு கடையில் ஆறு வருடம் காயில் கட்டினேன். பிறகு குன்னத்தில் சொந்தக் கடை. கைக்கு வேலை வந்துவிட்டது. வாய் மட்டும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கிறது. யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லிக் கலாய்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அந்த வாய்தான் எனக்கு இன்னொரு வருமானத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரித்து, பிணப் பரிசோதனை செய்கிற டாக்டர் மாதிரி பேசி ஒரு வீடியோ போட்டேன். "இறந்தவருக்கு வயது நாலு. உடம்பில் காயம் இல்லை. மூணு ஃபேஸ் மோட்டாரை ரெண்டு ஃபேஸ் கரண்டில் ஓட்டியே கொன்றிருக்கிறார்கள்" என்று சொன்னதும் அது எங்கெங்கோ போய்விட்டது. பத்து நாள் போன் ஓயவில்லை. பாதிப் பேர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இத எங்களுக்கும் கத்துக் குடுப்பீங்களா?"

படிப்பே வராத நான் வாத்தியார்! பழைய டேபிள் ஃபேனின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பியில் போனைக் கட்டினேன். மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, இருபது நாள், பணம் கட்டிச் சேரும் ஆன்லைன் வகுப்பு. துறையூர்க்காரர், திட்டக்குடிக்காரர், துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒருவர் என்று முதல் பேட்ச்சிலேயே முப்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எல்லோரும் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் இரண்டு தரம் காது கேட்காத மாதிரி நடித்திருக்கிறேன்.

என் வகுப்பு கலகலப்பாகப் போகும். யாராவது கேள்வி கேட்டால் அவருக்கு ஒரு பட்டப்பெயர் நிச்சயம். துறையூர்க்காரர் "வலது பக்கமா, இடது பக்கமா மாஸ்டர்?" என்று இரண்டு முறை கேட்டதால் அவருக்கு இண்டிகேட்டர் என்று பெயர். எல்லோரும் சிரிப்பார்கள், வகுப்புக்காக வைத்திருந்த போன் குரூப்பில் சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழும். பத்து நாளுக்குப் பிறகு கேள்விகள் குறைந்தன. கடைசி வாரத்தில் அநேகமாக நின்றே போயின. ஆகா, நாம் சொல்லிக்கொடுக்கிற அழகில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

அந்த பேட்ச்சில் ஒரே ஒரு பெண். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயது இருக்கும், டெய்லர். கணவர் லாரி ஓட்டுகிறார், வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். அவர்கள் ஊரில் மோட்டார் எரிந்தால் வெளியூருக்குத் தூக்கிப் போய், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். இதை நாமே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கேமராவை ஆன் செய்யவே மாட்டார். வீட்டுப்பாடம் கொடுத்தால் முதலில் போட்டோ அனுப்புவது அவர்தான். பழைய மோட்டார் ஒன்றை வாங்கி வைத்து, கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு நான், "என்னக்கா, மோட்டாருக்கு ஹெம்மிங் பண்ணி வச்சிருக்கீங்க? பட்டன் எங்க?" என்று கேட்டேன். உண்மையில் அது பாராட்டு. ஆனால் குரூப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் போட்டோ அனுப்புவதும் நின்றுவிட்டது.

கடைசி நாள் வகுப்பு. ஜாயின்ட் போடுவது, டேப் சுற்றுவது, ரப்பர் ரிங்குகளைப் போட்டு மோட்டாரை மூடுவது எல்லாம் காட்டிவிட்டு, "மூடியாச்சு. படம் முடிஞ்சுது. எல்லாரும் வூட்டுக்குப் போகலாம்" என்றேன். அப்போதுதான் அந்த அக்கா முதல் முறையாக மைக்கை ஆன் செய்தார்.

"தம்பி, மூடுன பெறகு, போருக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் செய்யணுங்களா?"

நல்ல கேள்வி. என் வாய் சும்மா இருக்குமா? "ஆமாக்கா, முக்கியமான வேலை இருக்கு. மஞ்சள் தடவி, குங்குமம் வச்சு, ஆரத்தி எடுத்து, புகுந்த வூட்டுக்கு அனுப்பி வைங்க."

முப்பது பேரும் சிரித்தார்கள். துபாய்க்காரர் நாதஸ்வரச் சத்தம் போட்டார். அக்கா மைக்கை அணைத்துவிட்டார். நானும் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்த பேட்ச்சுக்குப் பெயர் கொடுத்தவர்களின் லிஸ்ட்டைப் பார்த்துச் சந்தோஷமாகச் சாப்பிடப் போனேன்.

மூன்று வாரம் போயிருக்கும். காலை பத்து மணி. கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவிடமிருந்து போன். பின்னணியில் நாலைந்து ஆண்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்.

"தம்பி, நான் கட்டுன மோட்டாரு நின்னுபோச்சு."

அவர் ஊரில் கடலை போட்டிருக்கும் ஒருவர் நம்பிக் கொடுத்த வேலை அது. அக்காவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் மோட்டார். முந்தின நாள் சாயங்காலம் இறக்கியிருக்கிறார்கள். கால் மணி நேரம் ஓடியிருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட்டர் பட்டென்று விழுந்து கரண்ட்டை நிறுத்திவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டாலும் உடனே விழுந்தது. காலையில் மறுபடி மேலே தூக்கி வயலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அமைதியாக விசாரித்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "ஏக்கா, ஊசி நூல் போட்டுத் தச்சுட்டீங்களா?"

சரி, சீரியஸாகப் பேசுவோம் என்று, கம்பியை இழுக்கும்போது எங்கேயாவது உரசித் தோல் போயிருக்கும், மூன்றாவது வகுப்பு வீடியோவைத் திரும்பப் பாருங்கள் என்றேன். அதாவது, தப்பு உங்களுடையது, எனக்கு வேலை இருக்கிறது என்று பொருள்.

"மூணாவது கிளாஸ் எனக்கு மனப்பாடம் தம்பி. கம்பி ஒரசல." குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. இவங்க பழைய மோட்டாரு ஒன்னு இங்க கெடக்கு. அதச் சாச்சா உள்ள தண்ணி குலுங்குது. நான் கட்டுனதச் சாச்சா சத்தமே இல்ல. உள்ள தண்ணி இருக்கணுங்களா?"

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கட்டுகிற போர்வெல் மோட்டார், உள்ளேயும் தண்ணீர் நிரம்பி இருக்க வேண்டிய வகை. சுற்றுகிற பாகத்தின் பாரம் முழுவதும் அடியில் இருக்கும் ஒரு கார்பன் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த பேரிங்குக்கு எண்ணெய், குளிர்ச்சி எல்லாமே உள்ளே இருக்கும் தண்ணீர்தான். அதனால் போருக்குள் இறக்குவதற்கு முன், மோட்டாரின் மேல் பக்கத்தில் இருக்கும் மறையாணியைக் கழற்றி நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றாமல் ஓட்டினால் பேரிங் காய்ந்து, தேய்ந்து, மோட்டார் இறுகிவிடும்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது நாளில் ஒரு நாள் கூட, ஒரு வார்த்தை கூட.

ஏன் என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் காயில் கட்டும் கடைக்காரர் மோட்டாரை வெறுமையாகத்தான் கொடுப்பார். வண்டியில் ஏற்ற பாரம் குறைவு. வயலில் மோட்டாரை இறக்கும் ஆட்கள்தான் போர் ஓரத்தில் வைத்து, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அது அவர்கள் வேலை. ஆறு வருடம் வேலை பார்த்து, அப்புறம் கடை வைத்து, இவ்வளவு காலத்தில் நான் என் கையால் ஒரு மோட்டாருக்குக் கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை. என் கை செய்யாததை என் வாய் சொல்லவில்லை.

"எறக்குன ஆளுங்க ஊத்தலையாக்கா?"

"இங்க அவங்க ஊத்த மாட்டாங்களாம் தம்பி. காயில் கட்டுறவங்கதான் ஊத்தி, மூடிக் குடுக்கணுமாம். நான் ஊத்தியிருப்பேன்னு அவங்க நெனச்சிட்டாங்க."

நாற்பது கிலோமீட்டர் தள்ளினால் வேலைப் பழக்கம் மாறிவிடுகிறது. துபாய் வரைக்கும் பாடம் நடத்தியவனுக்கு அரியலூருக்கு அந்தப் பக்கம் என்ன வழக்கம் என்று தெரியவில்லை. ஆனால் அக்காவுக்கு ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்று தோன்றியிருக்கிறது. கேட்டார். நான் ஆரத்தி எடுக்கச் சொன்னேன்.

"நான் உங்ககிட்ட அன்னிக்கே கேட்டேனே" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சொல்லவில்லை. "வர முடியுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கடையில் அதே அளவு பேரிங்கும், அதோடு சேர்த்து மாற்றும் புஷ்ஷும் இருந்தன. காயில் நல்லா இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கரையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வழியெல்லாம் நான் யோசித்தது மோட்டாரைப் பற்றி இல்லை, பொய்யைப் பற்றி. அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்ந்து, அடுத்த திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததால் மோட்டார் போச்சு என்று ஒரு வீடியோ வெளியே வந்தால் என் வாத்தியார் வேலை அன்றோடு சரி. பேரிங் மட்டமான சரக்கு என்று சொல்லலாமா? கரண்ட் மேல் பழி போடலாமா? கரண்ட் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. அரியலூரைத் தாண்டுவதற்குள் மூன்று பொய் தயார் செய்துவிட்டேன். படிக்கிற காலத்தில் இந்த வேகம் இருந்திருந்தால் பன்னிரண்டாவதாவது முடித்திருப்பேன்.

வயலில் பத்துப் பேர் நின்றார்கள். மோட்டார் இறக்கும் முக்காலி போருக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. கீழே சாக்கு விரித்து மோட்டாரைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அவர் முகத்தையே பார்க்கிறேன். அதைவிட முதலில் என் கண்ணில் பட்டது மோட்டார். அதன் மேல் காய்ந்துபோன மஞ்சள். நடுவில் குங்குமம்.

"எல்லாரும் சிரிச்சாங்க, அது சிரிப்புக்குத்தான்னு தெரியும் தம்பி" என்றார் மெதுவாக, என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு. "இருந்தாலும் நீங்க சொன்னது ஒருவேள நெசமா இருந்துட்டா? அதான் வச்சேன்."

அதற்குள் அவருடைய கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி, முன்னால் வந்துவிட்டார். "வாங்க மாஸ்டர்! எங்க அண்ணிக்கு டிகிரி குடுத்த காலேஜு நீங்கதானா? போனுக்குள்ளயே காலேஜு, போனுக்குள்ளயே பட்டம். மோட்டார மட்டும் நெசப் போருக்குள்ள எறக்கச் சொல்லிட்டீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது கிண்டல். இன்னொரு நாளாக இருந்தால் நானே கைதட்டியிருப்பேன். பதில் சொல்ல முடியாத இடத்தில் நிற்கும்போது அந்தச் சிரிப்பு எப்படிக் குத்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

கடலைக்காரர் சிரிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர். தோளில் துண்டு. வயலைக் கையால் காட்டினார். செடியெல்லாம் இலையை மடக்கிக்கொண்டு நின்றது.

"காய் புடிக்கிற நேரம் தம்பி. மோட்டாரு கெட்டதுலேர்ந்து ஒரு வாரமா தண்ணி கெடையாது. வெளியூருக்குக் கொண்டு போங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. இந்தப் புள்ள கட்டிக் குடுக்கும்னு நான்தான் குடுத்தேன். எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அது கட்டுனது தப்பா, இல்லையா? தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க, இதோட வுட்டுடலாம்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் "வுட்டுடலாம்" என்று சொன்னது மோட்டாரை இல்லை, அக்காவை. நான் தப்பு என்று தலையாட்டினால் அந்தச் சுற்று வட்டாரத்தில் இனி ஒரு ஆள் அவர் கையில் மோட்டார் கொடுக்க மாட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுசா கட்டுறவங்களுக்கு வர்ற சின்னத் தப்புதாங்க. சரி பண்ணிடலாம்."

வழியில் யோசித்த மூன்று பொய்யும் இல்லை. நாலாவதாகத் தானே வந்தது. கேட்க மரியாதையாகவும் இருந்தது. அதுதான் அதில் மோசம். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் கொழுந்தனார். சிலர் கிளம்பத் திரும்பினார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கோபப்படவும் இல்லை. முந்தானையின் ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து, மோட்டார் மேல் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்க ஆரம்பித்தார். காய்ந்துபோன மஞ்சள் லேசில் போகவில்லை. அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"இல்லீங்க" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. கிளம்பினவர்கள் நின்றார்கள். "தப்பு அவங்க மேல இல்ல. என் மேல. எறக்கறதுக்கு முன்னாடி உள்ள தண்ணி ஊத்தணும். அத நான் சொல்லிக் குடுக்கல. வேற ஏதாச்சும் செய்யணுமான்னு அவங்க வாய்வுட்டுக் கேட்டாங்க. நான் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். இப்பக்கூடப் பொய்தான் சொன்னேன்."

"அப்ப வாத்தியாருக்கே தெரியலையா?" என்றார் கொழுந்தனார்.

"தெரியும்ணே. சொல்லத்தான் தெரியல."

கடலைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒத்துக்கிட்டது சரி. உன் பேச்சக் கேட்டு என் கடலை காய் புடிக்காது. மோட்டாரு ஓடுமா, அதச் சொல்லு" என்றார்.

நான் பையை அக்காவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்களே பிரிங்கக்கா" என்றேன். இவ்வளவு பேர் பார்க்க அவர் கையால் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பேரிங் இறுகி மோட்டார் சூடாகிக் காயிலும் போயிருந்தால், நான் எவ்வளவு ஒத்துக்கொண்டாலும் இவர்கள் பார்க்கப்போவது எரிந்த காயிலை மட்டும்தான்.

அக்கா பிரித்தார். முதலில் நான் மூக்கைத்தான் உள்ளே நீட்டினேன். எரிந்த வாடை இல்லை. மெக்கரை வைத்துப் பார்த்தோம். காயில் உயிரோடு இருந்தது. ஸ்டார்ட்டர் நேரத்துக்கு விழுந்து காப்பாற்றியிருக்கிறது. பேரிங் மட்டும் கருகிய அப்பளம் மாதிரி துண்டு துண்டாக வந்தது.

அந்தக் காயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாரிப் பின்னிய சடை மாதிரி ஒவ்வொரு கம்பியும் அதனதன் இடத்தில் படுத்திருந்தது. என் கட்டு இவ்வளவு சுத்தமாக இருக்காது. இன்னொன்று, ரப்பர் ரிங்குகளை அவ்வளவு இறுக்கமாகப் போட்டு மூடியிருந்தார். யாராவது அரைகுறையாக மூடியிருந்தால் போர்த் தண்ணீர் கொஞ்சமாவது உள்ளே கசிந்து பேரிங் பிழைத்தாலும் பிழைத்திருக்கும். ஒழுங்காக வேலை செய்ததால் வந்த வினை அது. இதையும் உரக்கவே சொன்னேன். மோட்டார் இறக்க வந்திருந்த ஆட்களின் தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாம், கட்டு நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த மாதிரி ஆட்கள் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

பேரிங்கையும் புஷ்ஷையும் மாற்றினோம். அக்கா மூடினார். இனி தண்ணீர். ஒரு குடம் வந்தது. அப்போது ஆரம்பித்தார் பாருங்கள் அக்கா, கேள்வி மேல் கேள்வி.

"எவ்ளோ ஊத்தணும்? உள்ள இருக்கற காத்து எந்தப் பக்கமா வெளிய போவும்? உப்புத் தண்ணி ஊத்தலாமா? ஊத்துன ஒடனே மூடிடலாமா, இல்ல வச்சிருக்கணுமா?"

முதல் மூன்றுக்குச் சொல்லிவிட்டேன். நாலாவதற்கு வாயைத் திறந்தேன், பதில் இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் ஊற்றியதே இல்லையே. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியலக்கா" என்றேன். இருபது நாள் வகுப்பில் நான் ஒரு தடவை கூடச் சொல்லாத வார்த்தை.

இறக்கும் ஆட்களின் தலைவர்தான் சொன்னார். "நிமித்திக் கால் மணி நேரம் வைங்க. லேசா ஆட்டி வுடுங்க. காத்து மேல வந்ததும் தண்ணி எறங்கும். திரும்ப ஊத்தி ரொப்பிட்டு மூடுங்க." நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வகுப்பு மாணவர்கள் மாதிரி அதைக் கேட்டுக்கொண்டோம். மறையாணித் துளையிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மறுபடி ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் பிடித்தது.

குழாய் குழாயாக மாட்டி இறக்கி முடிக்க மணி நாலாகிவிட்டது. கடலைக்காரர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, தள்ளி நின்று, "நீயே போடும்மா" என்றார். அக்கா போட்டார். குழாய் இரண்டு தடவை இருமியது. செம்மண் கலந்து கொஞ்சம் துப்பியது. அப்புறம் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

யாரும் சந்தோஷப்படவில்லை. முந்தின நாளும் இப்படித்தானே கொட்டியது. எல்லோரும் கால் மணி நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அக்கா ஸ்டார்ட்டரை விட்டு நகரவில்லை. நான் போனில் மணி பார்ப்பதும், பாக்கெட்டில் போடுவதும், திரும்ப எடுப்பதுமாக இருந்தேன். கால் மணி நேரம் ஆனது. இருபது நிமிடம். அரை மணி நேரம். கடலைக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விட்டார். அன்றைக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் யாரும் கொடுத்திருக்க முடியாது.

கொழுந்தனார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணி, நம்ம மேலக் கொல்லை மோட்டாரும் ஒரு மாதிரி சத்தம் போடுது..."

"பேரக் குடுத்துட்டுப் போங்க. வரிசையில வரும்போது பாக்கலாம்" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பாமல்.

நான் கிளம்பும்போது அக்கா ரோடு வரைக்கும் கூட வந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க சிரிக்க வைக்கிறது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கேக்கணும்னு நெனக்கும்போதே, இதுக்கு என்ன பேரு வைப்பாரோன்னு வாய மூடிக்குவோம். கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாருமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்குன்னு தனியா ஒரு குரூப்பு இருக்கு. உங்ககிட்டக் கேக்க முடியாதத அங்க கேட்டுக்குவோம்."

"அதுல யாரு யாரு இருக்கீங்க?"

"உங்களத் தவிர எல்லாரும்."

அரியலூர் வரைக்கும் பைக்கை இருபதிலேயே ஓட்டினேன். முப்பது பேர் என்னிடம் பணம் கட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் தங்களுக்குள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த குரூப்பிலும் தண்ணீர் ஊற்றும் விஷயம் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்களுக்கெல்லாம் மாஸ்டர் நான்தானே. இன்னும் எத்தனை மோட்டார் எந்தெந்த ஊரில் வெறும் வயிற்றோடு இறங்கக் காத்திருக்கிறதோ என்று நினைத்ததும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினேன். ஒரு புளியமரத்தடியில் நின்று, நான் இருக்கும் வகுப்பு குரூப்புக்குக் குரல் பதிவு அனுப்பினேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. தண்ணீர் ஊற்றாமல் யாரும் மோட்டாரை இறக்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன்.

திட்டக்குடிக்காரர் உடனே கூப்பிட்டார். அவர் கட்டிய மோட்டார் அப்போதுதான் வண்டியில் ஏறியிருக்கிறது. ஓடிப்போய் நிறுத்திவிட்டார். இன்னொருவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். வாங்கிக்கொண்டேன். துபாய்க்காரர் மட்டும், "மாஸ்டர், ஆரத்தித் தட்டு ஏற்கனவே வாங்கிட்டேன். திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார். எனக்கு வர வேண்டியதுதான்.

திங்கட்கிழமை வகுப்பைத் தள்ளி வைத்தேன். சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தேன். இந்த வேலையை விட்டுவிட மட்டும் எனக்கு மனசு வரவில்லை. ஒரு மாதம், நான் கட்டிய ஒவ்வொரு மோட்டார் கூடவும் வயலுக்குப் போனேன். தண்ணீர் ஊற்றினேன், குழாய் மாட்டினேன், கேபிள் கட்டினேன். கடையை விட்டுப் போன பிறகு மோட்டாருக்கு என்னென்ன நடக்கிறது என்று அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். இருபது நாள் பாடம் இருபத்தாறு நாளாக நீண்டது. முதல் பேட்ச் ஆட்கள் எல்லோருக்கும் புதிய பாடங்களை இலவசமாகவே நடத்தினேன்.

கீழப்பழுவூர் அக்காவைப் போய்க் கேட்டேன், என்னோடு சேர்ந்து பாடம் நடத்த வரச் சொல்லி. நான் கையால் செய்துகொண்டிருக்கும்போது, "இத ஏன் இப்படிச் செஞ்சீங்க, இப்ப என்ன விட்டீங்க?" என்று கேட்பதுதான் அவர் வேலை. வரும் பணத்தில் அவருக்குப் பங்கு. யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: அவர் கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே ஏழெட்டுத் தடவை சொல்ல வைத்துவிட்டார். இப்போது அவர் கேமராவை ஆன் செய்துதான் உட்காருகிறார். காயில் கட்டும் பாடம் முழுக்க அவர் கையில்தான். நான் செய்து காட்டினால் பிசிறு தெரிகிறதாம்.

கடை வருமானத்தை விட இப்போது வகுப்பு வருமானம் அதிகம். கிண்டலை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அது என் பிறவிக் குணம். என்னையே கலாய்த்துக்கொள்கிறேன், அதற்குச் சரக்குக்கும் பஞ்சமில்லை. வகுப்பு முடிந்ததும், யாராவது கேள்வி கேட்பார்களா என்று ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது புதுப் பழக்கம். எனக்கு அது மோட்டாரைத் தூக்குவதை விடக் கஷ்டம். யாராவது மைக்கைத் திறந்துவிட்டுப் பேசத் தயங்கினால் இன்றைக்கும் எனக்கு அந்த மஞ்சள் தடவிய மோட்டார்தான் ஞாபகம் வருகிறது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் எந்த ஊரில் யாருடைய வயல் காய்ந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.